தராசு மாமியும் தெரு எடையும்

தராசு மாமியைப் போல ஒரு கோபக்காரி கரமனையில் இதற்கு முன் பிறந்ததில்லை. இனிப் பிறந்தால் தெரு தாங்காது. பஸ் தாமதமாக வந்தால் கோபம். நேரத்துக்கு வந்தால், "இன்னிக்கு மட்டும் என்ன வந்தது இதுக்கு?" என்று அதற்கும் கோபம்.

போன வருஷம் எங்கள் தெருவில் நடந்த ரத்தப் பரிசோதனை முகாமில் பாதிப் பெண்களுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. எனக்கும், மாமிக்கும்கூட. சர்க்கரையால் என் அம்மாவின் கண் போனதைப் பார்த்தவள் நான். முகாம் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

"அழுதா எடை குறையுமோடி? எழுந்து நட!" என்று கத்தினாள் மாமி.

நடந்தோம். ஆனால் எடை பார்க்க ஒருத்தியும் தயாரில்லை. எண் வெளியே தெரிந்தால் மானம் போய்விடுமாம். மாமி எங்களையெல்லாம் சாலைக் கடைத்தெருவுக்கு இழுத்துப் போனாள். அரிசி மண்டியில் மூட்டை நிறுக்கும் பெரிய மேடைத் தராசில் எல்லோரையும் ஒன்றாக ஏற்றி, தானும் ஏறிக்கொண்டாள்.

"தனியா நின்னாத்தானே வெட்கம்? இது தெருவோட எடையாக்கும். கூடினா எல்லாருக்கும் திட்டு!"

சனிக்கிழமைதோறும் திட்டு கிடைத்தது. எடை அசையவே இல்லை. பொறுமையிழந்த மாமி ஒவ்வோர் அடுக்களையாகப் புகுந்து பார்த்தாள். என் வீட்டில் கையும் களவுமாகப் பிடித்தாள். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, மிஞ்சிய சாதத்தையும் எரிசேரியையும் நான் பாத்திரத்தோடு தீர்த்துக்கொண்டிருந்தேன்.

"உன் வயிறென்ன குப்பைத்தொட்டியா?"

"அவளுக்கு எதையும் பாழாக்கப் பிடிக்காது, மாமி," என்றார் என் கணவர், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்படின்னா நீர் தின்னுமேன்! நாளைக்குக் கண்ணு போனா அவளுக்கில்லையா போகும்?"

மாமி மேல் எனக்கு இருந்த கோபம் அந்த நொடியில் அவர் பக்கம் திரும்பியது. இத்தனை வருஷம் மிச்சத்தை என் பக்கம் தள்ளியவர் அவர்தானே! மறுநாள் முதல் தெருப் பெண்கள் அளந்து சமைத்தோம். மிஞ்சியது ஆண்களின் தட்டுக்குப் போனது. என் கணவர் பெல்ட்டைத் தளர்த்தினார், தெரு எடை இறங்கியது. என் சர்க்கரையும் இறங்கியது.

அப்போதுதான் மாமியின் மகன் பெங்களூரிலிருந்து வந்து, வீட்டில் ஒத்தாசைக்கு ஆளில்லை என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனான். ஒத்தாசையாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே என்ன சாப்பிடுகிறாள் என்று போனில் கேட்டேன். மாமி குரலைத் தாழ்த்தினாள்.

"குழந்தை மிச்சம் வச்ச தோசையாக்கும்... பாழாப் போறதேன்னு..."

"மாமி! உங்க வயிறென்ன குப்பைத்தொட்டியா?" தெருவே கேட்கக் கத்தினேன்.

அந்தச் சனிக்கிழமை தராசில் எண் என்றுமில்லாதபடி இறங்கியிருந்தது. "கொள்ளாமே அக்கா! நல்லா குறைஞ்சிட்டே!" என்று மண்டிக்காரர் பாதி மலையாளத்தில் மெச்சிச் சிரித்தார். எங்களில் ஒருத்திக்கும் சிரிப்பு வரவில்லை. அவரை நன்றாகத் திட்டிவிட்டு, மாமி நிற்கும் மூலையில் ஓர் அரிசி மூட்டையை ஏற்றச் சொன்னோம்.

எடை ஏறக்குறையச் சரியாக வந்தது. எங்களை ஒரு வார்த்தை திட்டத்தான் மூட்டைக்குத் தெரியவில்லை.