காய்கறிக் கூடையில் ஒரு திரையரங்கு

உலகிலேயே மிகக் குறைந்த செலவில் கட்டப்பட்டதும், மிக அதிகமான முறை திறந்துவைக்கப்பட்டதுமான திரையரங்கு எது என்று யாராவது கேட்டால், தயங்காமல் நம்மவரின் வரவேற்பறையைக் காட்டலாம். மற்ற திரையரங்குகளுக்கு ஆயுளில் ஒரே ஒரு திறப்பு விழா. இதற்கு வாரம் ஒன்று.

நம்மவர் ஒரு பெரிய நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் மேலாளர். எதையும் கொள்முதல் செய்யாமலேயே ஆண்டுகளை நகர்த்துவதுதான் அந்தப் பிரிவின் பெருமை. நாற்காலி கேட்டவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு நாற்காலிக்கு ஒப்புதல் வந்த வரலாற்றை அங்கே இன்றும் நெஞ்சு விம்மச் சொல்வார்கள். அப்பேர்ப்பட்டவரிடம் போய் அவர் மனைவி, "ஏங்க, டி.வி.யில படம் பாக்க ஒரு சின்னப் பெட்டி கடையில விக்குதாமே, வாங்கிட்டு வாங்களேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"வாங்கறதா?" நம்மவர் கெட்ட வார்த்தையைக் கேட்டதுபோல் முகம் சுளித்தார். "அதுக்குப் பேரு ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டர். அதை வாங்கக் கூடாது, உருவாக்கணும். பாதிச் செலவுல முடிச்சுக் காட்டறேன் பாரு."

அன்றே "திட்டம்" தொடங்கிற்று. பழைய சாமான் கடையிலிருந்து ஒரு மதர்போர்டு வந்தது. அதற்குப் பொருந்தாத மெமரி வந்தது. அந்த மெமரிக்குப் பொருந்துகிற இன்னொரு மதர்போர்டு வந்தது. கேபினெட் வாங்குவது ஆடம்பரம் என்று முடிவாகி, சமையலறையிலிருந்த காய்கறிக் கூடை கையகப்படுத்தப்பட்டது. சுற்றிலும் ஓட்டை, ஆகவே காற்றோட்டம் இலவசம். இடம்பெயர்ந்த உருளைக்கிழங்குகளுக்கு மாற்று இடம் பின்னர் அறிவிக்கப்படும் என்றார்கள்; அவை இன்னும் தரையில்தான் காத்திருக்கின்றன. மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்று கேட்பது "திட்டத்தின் நலனுக்கு உகந்ததல்ல" என்றும் தெரிவிக்கப்பட்டது.

கூடை படம் காட்டத்தான் செய்தது. ஆனால் ஒவ்வொரு படத்தின் நடுவிலும் நம்மவருக்கு ஒரு "மேம்பாடு" தோன்றிவிடும். கதாநாயகி விம்மி அழும்போது, முகம் சற்று மஞ்சளடிக்கிறதே என்று எழுவார். ஸ்க்ரூ டிரைவர் எங்கே என்பார். அவள் ஏன் அழுதாள் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

இப்படியிருக்க, மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை விமானம்.

"ஞாயித்துக்கிழமை மூணு பேரும் ஒண்ணா உக்காந்து ஒரு படம் பாக்கறோம்" என்றார் மனைவி. "பேர் போடறதுலேருந்து வணக்கம் போடற வரைக்கும். இதை விட்டா இனிமே எப்பவோ. நீங்க எழுந்திரிக்கக் கூடாது."

"நான் ஏன் எழுந்திரிக்கப் போறேன்?"

"அது தெரிஞ்சா நான் என்னிக்கோ தடுத்திருப்பேனே."

ஞாயிறு மதியம் ஜன்னல் திரைகள் இழுத்து மூடப்பட்டன. வெள்ளத்தில் சிதறிப்போன ஒரு குடும்பம் ஒருவரையொருவர் தேடி அலைகிற படம். கூடை அன்றைக்கென்று பார்த்து ஒழுங்காக ஓடிற்று. படம் நிற்கவில்லை, மஞ்சளடிக்கவில்லை. மகள் அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாள்.

பழுதில்லாத இயந்திரத்துக்கு எதிரே சும்மா உட்கார்ந்திருப்பது எப்பேர்ப்பட்ட சித்திரவதை என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். நம்மவருக்குக் கை நமநமத்தது. தொடைக்கு அடியில் வைத்துப் பூட்டிப் பார்த்தார். கடைசிக் கட்டம் வந்துவிட்டது. கொட்டுகிற மழையில், பிரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் பழைய வீட்டை நெருங்குகிறார்கள்.

"மழைச் சத்தம் கொஞ்சம் மொண்ணையா இல்லை?" என்றார்.

"மழைன்னா அப்படித்தாம்பா இருக்கும்."

"இல்லைம்மா, சவுண்டு சாஃப்ட்வேரைப் புதுசாக்கினா முதுகுக்குப் பின்னாடி பெய்யற மாதிரியே கேக்கும். ஒரே நிமிஷம்."

"ஏங்க, வேண்டாம்" என்றார் மனைவி. குரல் உயரவில்லை. நம்மவர் அதைச் சம்மதமாகப் பதிவு செய்துகொண்டார்.

திரை நீலமாயிற்று. "தயவுசெய்து காத்திருக்கவும்" என்றது. காத்திருப்பது அவர் இயல்பல்ல. கோளாறு எங்கே என்று பார்க்கக் கூடைக்குள் தலையை விட்டார்.

தலையை வெளியே எடுத்தபோது சோபா காலி. அதனாலென்ன, மழை பின்னாலிருந்து பெய்தது. அத்தனை துல்லியமாகப் பெய்ததில் அவரே ஒருமுறை திரும்பி ஜன்னலைப் பார்த்தார்.

"வாங்க, வாங்க, ரெடி" என்று கூவிக்கொண்டே உள்ளே போனார். படுக்கையறையில், பாதி அடுக்கிய பெட்டிக்குப் பக்கத்தில், அம்மாவும் மகளும் தலையோடு தலை முட்டிக்கொண்டு மகளின் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருவர் கண்ணும் சிவந்திருந்தது. செல்போனில் நடிகர்களின் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"முடிஞ்சிருச்சுப்பா."

"அதுக்குள்ளயா? எப்படி முடிஞ்சுது?"

மனைவி மூக்கை உறிஞ்சினார். "எல்லாரும் வந்து சேந்துட்டாங்க. ஒண்ணா உக்காந்து சாப்பிடறாங்க."

"அந்த அப்பா?"

"அவரும் வீட்டுலதான் இருக்காரு. கூரை ஒழுகுதுன்னு ஏறினவரு, சரி பண்ணிக்கிட்டு மேலயே நின்னுட்டாரு."

நம்மவர் விமர்சகரின் கம்பீரத்தோடு தலையை ஆட்டினார். "நம்பற மாதிரி இல்லையே. பெத்த பொண்ணு வந்து உக்காந்திருக்கா. கீழ எறங்கி வரமாட்டானா ஒரு மனுஷன்?"

மகள் பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"எனக்கு நம்ப முடிஞ்சுதுப்பா" என்றாள். "அவரு நடிக்கற மாதிரியே தெரியலை."