இடது கண் திறக்காத கார்

இந்த உலகத்தில் எனக்கென்று இருப்பது ஒரே ஒரு பொருள்தான். வீடு மலர்க்கொடியின் பேரில் இருக்கிறது. டிவி ரிமோட் மலர்க்கொடியின் கையில் இருக்கிறது. என் மீசைகூட மலர்க்கொடி சொன்ன அகலத்தில்தான் இருக்கிறது. கார் மட்டும் என்னுடையது.

சாதாரணக் கார் இல்லை. முப்பத்தைந்து வயதுச் சிவப்புக் கார். இரண்டே கதவு. பகலில் முன்விளக்குகள் இரண்டும் இமையை மூடிக்கொண்டு உடம்புக்குள் படுத்திருக்கும். சுவிட்சைத் தட்டினால் இரண்டும் எழுந்து நின்று ஊரைப் பார்க்கும். புக்கிட் ரம்பாய் வட்டாரத்தில் தூங்கி விழிக்கிற கார் வேறு யாரிடமும் கிடையாது.

ஒரே ஒரு குறை. ஆறு வருஷமாக இடது கண் திறப்பதில்லை.

சுவிட்சைத் தட்டினால் வலது கண் மட்டும் எழும். பார்க்கிறவர்களுக்குக் கார் கண்ணடிப்பது போல இருக்கும். ஒருமுறை கோயில் வாசலில் தேவாரக் குழுப் பெண்கள் பன்னிரண்டு பேரைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டது. மலர்க்கொடி அன்று காரோடு பேசவில்லை. என்னோடும் பேசவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தோசைத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு அவள் சொன்னாள்.

"என்னங்க, சனிக்கிழமை பத்து மணிக்குக் காரைப் பாக்க ஆள் வருது."

"பாக்கறதுக்கு அது என்ன, பொண்ணா?"

"பொண்ணா இருந்தா இந்நேரம் கட்டிக் கொடுத்து அனுப்பியிருப்பேன். தெங்கேராவுலேருந்து யுகேந்திரன்னு ஒரு தம்பி. நல்ல பையனாம்."

"எதுக்குப் பாக்கறாரு?"

"இந்த லட்சணத்துல இருந்தா அது பெசி பூரோக்குக்குத்தான் லாயக்கு. வேற எதுக்கு?"

பெசி பூரோக் என்றால் பழைய இரும்பு. ஓட்டை வாளியும் துருப்பிடித்த கட்டிலும் போய்ச் சேருகிற இடம். பிய்த்த தோசையைத் தட்டிலேயே போட்டேன்.

"என் காரு இரும்பா?"

"பின்ன என்ன, வெள்ளியா? நம்ம பொண்ணு தாரணி கல்யாணத்துக்கு இன்னும் அஞ்சே வாரம். நலங்குப் பந்தலை எங்க போடறது? உங்க தவளை தலை மேலயா?"

"அது தவளை இல்ல."

"ஆமா. ஒத்தைக் கண்ணுத் தவளை."

"அந்தக் கண்ணை அடுத்த வாரம் சரி பண்ணிடுவேன், மலரு."

"எந்த அடுத்த வாரம்? கோவிட்டுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னீங்களே, அந்த அடுத்த வாரமா?"

நான் தண்ணீர் குடித்தேன். அவள் இடுப்பில் கையை வைத்தாள். அவள் இடுப்பில் கை வைத்தால் எங்கள் வீட்டில் சட்டம் பிறக்கும்.

"சரி, ஒரு சான்ஸ் தர்றேன். சனிக்கிழமை பத்து மணிக்கு ரெண்டு கண்ணும் சேந்து திறந்தா, கார் இந்த வீட்டுலயே இருக்கட்டும். பெசி பூரோக்கு பேச்சையே எடுக்க மாட்டேன். திறக்கலேன்னா, லோரிக்குப் போன் பண்ணிடுவேன்."

"பேச்சு மாற மாட்டியே?"

"நான் என்னைக்குங்க மாறினேன்?"

அது உண்மை. கல்யாணமான நாளிலிருந்து அவள் எதிலும் மாறவில்லை. மாறியதெல்லாம் நான்தான்.

திங்கட்கிழமை வேலைக்கு லீவு போட்டேன். கைலியை மடித்துக் கட்டினேன். பானெட்டைத் திறந்தேன். இடது கண்ணுக்குரிய ஃபியூஸ் எரிந்திருந்தது. இவ்வளவுதானா என்று சிரித்துக்கொண்டே புது ஃபியூஸ் போட்டேன். சுவிட்சைத் தட்டினேன். வலது கண் எழுந்தது. இடது பக்கம் 'உம்ம்' என்று ஒரு முனகல். பிறகு 'டப்'. ஃபியூஸ் போனது. இன்னொன்று போட்டேன். டப். மூன்றாவது. டப்.

பக்கத்து வீட்டு அப்புசாமி அண்ணன் வேலிக்கு மேலே தலையை நீட்டினார். முப்பது வருஷம் பலகை லோரி ஓட்டியவர்.

"காளி, என்ன பட்டாசா? தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கேப்பா."

"ஃபியூஸுண்ணே. ஃபியூஸுல குவாலிட்டி இல்ல."

"ஃபியூஸ் எரியுதுன்னா மோட்டாரு எதையோ தூக்க முடியாம தம் கட்டுதுன்னு அர்த்தம். எங்கயோ முட்டுது, பாரு."

"அண்ணே, லோரியும் இதுவும் ஒண்ணா?"

அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். உள்ளே மலர்க்கொடி கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அந்தக் கண்ணு மேல சந்தனத்தைக் கரைச்சுக் கிண்ணம் கிண்ணமா அப்பறீங்களே. அது எங்க போகும்னு நினைக்கறீங்க?"

"சாமி காரியத்துல லாஜிக் பேசாத. இது எலெக்ட்ரிக்கல்."

"ஓ, எலெக்ட்ரிக்கலா? சரிங்க."

அவள் 'சரிங்க' என்று சொன்னால் எனக்கு முதுகு சில்லிடும்.

ஆனால் செவ்வாய்க்கிழமை மாலை ஓர் அதிசயம் நடந்தது. மலர்க்கொடி எனக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். "அது எப்படிங்க எந்திரிக்குது? சொல்லுங்களேன்" என்றாள். எனக்குக் கண் கலங்கியது. இருபத்தெட்டு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. இதற்கு முன் கேட்டதெல்லாம் விசாரணை.

நான் மேசையில் தேத்தண்ணிக் குவளையை வைத்தேன்.

"இது மோட்டாரு. ஒவ்வொரு கண்ணுக்கும் ஒண்ணு. இந்தக் கரண்டி அதோட கை. கை நுனியில ஒரு கம்பி. கம்பியோட அந்தப் பக்கம் விளக்கு. மோட்டாரு பாதிச் சுத்து சுத்தினா கம்பி விளக்கை மேல தள்ளும். மீதிப் பாதி சுத்தினா கீழ இழுக்கும். மறுபடி அரைச் சுத்துல மேல. மோட்டாரு ஒரே பக்கமாத்தான் சுத்தும்."

"மேல போனதும் நிக்கணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"உள்ள ஒரு தகடு இருக்கு. சரியா அரைச் சுத்து முடிஞ்சதும் தகடு கரண்டை வெட்டிடும்."

"நல்ல ஏற்பாடு. உங்களுக்கும் அப்படி ஒரு தகடு வச்சிருக்கலாம், பேச ஆரம்பிச்சா. கரண்டே இல்லேன்னா?"

"மோட்டாருக்குப் பின்னால ரப்பர் மூடி. அதுக்குள்ள கறுப்பா ஒரு திருகு. கையால திருகித் திருகித் தூக்கலாம்."

"ஓஹோ" என்று எழுந்து போனாள். நான் அன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே குளித்தேன்.

புதன்கிழமை, வேலை செய்கிற வலது கண்ணைப் பார்த்து இடது கண்ணின் வியாதியைக் கண்டுபிடிக்கத் திட்டம் போட்டேன். மலர்க்கொடியை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தேன். நான் பானெட்டுக்குள் தலையை விட்டுக் குனிந்தேன்.

"ஏத்து!"

ஏற்றினாள். கம்பி தள்ளுகிற அழகை ரசித்தேன்.

"எறக்கு!"

இறக்கினாள். விளக்கு படுத்தது. கூடவே என் கைலியும் உள்ளே போனது. விளக்கு மூடிக்கும் காரின் உடம்புக்கும் நடுவில் ஒரு சாண் துணி. நான் நிமிர்ந்தால் கைலி என்னோடு வராது என்கிற நிலைமை.

"மலரு! ஏத்து! ஏத்து!"

அவள் இறங்கி வந்து பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள்.

"அலமாக்! காரு உங்களைப் புடிச்சுக்கிச்சே."

"சுவிட்சைத் தட்டு, தாயே!"

"தட்டறேன். தட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். நலங்குக்கு எங்க சின்னம்மா குடும்பத்தைக் கூப்பிடலாமா?"

"கூப்பிடு!"

"எல்லாரையுமா?"

"புக்கிட் ரம்பாய்ல எல்லாரையும் கூப்பிடு!"

வேலிக்கு மேலே அப்புசாமி அண்ணனின் தலை உதித்தது. "காளி, உன்னையே தூக்கப் பாக்குது போல" என்றது. மலர்க்கொடி சுவிட்சுக்குப் போகவில்லை. குனிந்து, ரப்பர் மூடியைக் கழற்றி, கறுப்புத் திருகைப் பிடித்துத் திருகு திருகென்று திருகினாள். கண் திறந்தது. கைலி விடுதலை ஆனது.

"நேத்து நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டாள்.

நான் உடனே இடது கண்ணின் திருகைத் திருகிப் பார்த்தேன். கால் சுற்றுக்கு மேல் நகரவில்லை. பல்லைக் கடித்துத் திருகினேன். என் பல்தான் ஆடியது.

வியாழக்கிழமை இடது மோட்டாரைக் கழற்றி, சாப்பாட்டு மேசையில் வைத்து, பேட்டரியிலிருந்து கம்பி இழுத்தேன். மோட்டார் அற்புதமாகச் சுற்றியது. சுற்றிய வேகத்தில் அதன் கை கிச்சாப் பாட்டிலைத் தட்டி, கிச்சாப் தாரணியின் கல்யாணப் பத்திரிகைக் கட்டின் மேல் கவிழ்ந்தது. அதற்குப் பிறகு நடந்ததை எழுதப்போவதில்லை. மோட்டார் நன்றாக இருக்கிறது, அதன் பல்சக்கரங்களும் நன்றாக இருக்கின்றன என்று மட்டும் எழுதுகிறேன். என் காதுதான் நன்றாக இல்லை.

அப்படியானால் மிச்சம் இருப்பது ஒன்றுதான். விளக்கைத் தாங்குகிற கீல்.

வெள்ளிக்கிழமை, மலர்க்கொடி பசாருக்குப் போன நேரம் பார்த்து, பேட்டரிக் கம்பியைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துக் கீலைப் பார்த்தேன். கீலே தெரியவில்லை. அங்கே மஞ்சளாக ஒரு பாறை இருந்தது. ஸ்குரூ டிரைவரால் சுரண்டினேன். பாறை பொடியாக உதிர்ந்தது. ஒவ்வொரு பொடியும் மணத்தது.

சந்தனம்.

பூஜைக்கு நான் எப்போதும் காரின் இடது பக்கம்தான் நிற்பேன். பக்தி பொங்க முதல் கண்ணுக்கு அப்புவேன். வலது கண்ணுக்குப் போகும்போது கிண்ணத்தில் ஒரு பொட்டு அளவுதான் மீதி இருக்கும். இருபது வருஷ பக்தி, ஒரு பக்கமாகவே வழிந்து, குங்குமத்தோடும் எலுமிச்சைச் சாறோடும் கெட்டிப்பட்டு, கீலைக் கட்டிப் பிடித்திருந்தது. நடுவில் ஒரு மல்லிகைச் சரத்தின் நார்கூட இருந்தது. எந்த வருஷத்து மல்லிகையோ. வெளியுலகமே தெரியாமல் உள்ளேயே கிடந்திருக்கிறது.

மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன். கிரீஸ் தடவினேன். மோட்டாரைப் பூட்டினேன். கறுப்புத் திருகைத் தொட்டேன். விளக்கு வெண்ணெயில் மிதப்பது போல எழுந்தது. புது ஃபியூஸ் போட்டேன், பேட்டரியைப் பூட்டினேன், சுவிட்சைத் தட்டினேன். இரண்டு கண்ணும் சேர்ந்து திறந்தன. ஆறு வருஷம் தூங்கி எழுந்த அந்தக் கண் முதன்முதலில் என்னைப் பார்த்தது. நான் கொஞ்சம் அழுதேன். கொஞ்சம்தான்.

மலர்க்கொடி வந்தாள்.

"சரியாயிடுச்சா? என்ன கோளாறு?"

"ரிலே. எலெக்ட்ரிக்கல்னு அன்னைக்கே சொன்னேன்ல?"

அவள் என் சட்டைக்கு அருகில் மூக்கைக் கொண்டுவந்தாள்.

"ரிலேயில கோயில் வாசனை வருதே."

"ஜப்பான் ரிலே. அப்படித்தான் வரும்."

"சரிங்க."

சனிக்கிழமை பத்து மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. யுகேந்திரன் இறங்கினான். இருபத்தைந்து வயது இருக்கும். இரும்பு வியாபாரிக்குக் கொஞ்சம் அதிகமான வாசனைத் தைலம். நான் காருக்குள் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

"தம்பி, வீணா வந்துட்டீங்க. இப்ப பாருங்க."

தட்டினேன். இரண்டு கண்ணும் எழுந்தன. தட்டினேன். படுத்தன. எழுந்தன. படுத்தன. இறங்கி வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"இந்தக் கார் விக்கறதுக்கு இல்ல."

"நான் ஏன் அங்கிள் வாங்கறேன்? என்கிட்ட பார்க்கிங்கே இல்ல லா."

அவன் சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து பானெட்டை அளக்க ஆரம்பித்தான்.

"என்ன அளக்கறீங்க?"

"மாலைக்கு, அங்கிள். ரோஸ் இங்க வரும், ரிப்பன் இப்படிப் போகும். கண்ணு எந்திரிக்கறப்ப பூ சிக்கிடக் கூடாதுல்ல, அதான் ரெண்டும் வேலை செஞ்சாத்தான் அளவு எடுக்க முடியும்னு ஆன்ட்டிகிட்ட சொன்னேன். கல்யாணப் பொண்ணு கார் ஆச்சே."

"எப்ப சொன்னீங்க?"

"புக் பண்ணப்பவே. பிப்ரவரியில."

நாங்கள் ஆகஸ்டில் நின்றுகொண்டிருந்தோம்.

"மலரு! இவரு பெசி பூரோக்குன்னியே!"

மலர்க்கொடி தட்டில் மூன்று குவளைகளோடு வந்தாள். "நான் எப்ப சொன்னேன்? காரைப் பாக்க வர்றாருன்னேன். பாத்துட்டீங்களா தம்பி?"

"பாத்துட்டேன் ஆன்ட்டி. சூப்பர்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "தாரணி அப்பா கார்லதான் மண்டபத்துக்குப் போவேன்னு நிக்கறா. உங்ககிட்ட நேராக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

நான் வாயைத் திறந்தேன். 'அடுத்த வாரம்' நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. மூடிக்கொண்டேன்.

கோபம் வர வேண்டும். வரவில்லை. என் மகள், என் கார், பூமாலை. அலோர் காஜா மண்டபம் வரைக்கும் வழியெல்லாம் ஜனங்கள் நின்று பார்ப்பார்கள். ஒவ்வொரு சமிக்ஞை விளக்கிலும் நான் சுவிட்சைத் தட்டுவேன்.

"அன்னைக்கு நான் வேட்டியா, பேண்ட்டா, மலரு?"

"வேட்டியே கட்டுங்க. பஸ்ஸுல காத்தோட்டமா இருக்கும்."

"எந்த பஸ்ஸு?"

"சொந்தக்காரங்க பஸ்ஸு. காரை நான் ஓட்டறேன். பின்னால தாரணி. முன்னால சீர்த் தட்டு. உங்களுக்கு எங்க இடம்?"

"அது என் கார்!"

"உங்க கார்தான், யாரு இல்லேன்னா? நீங்க ஓட்டினா முக்குக்கு முக்கு நிறுத்திக் கண்ணைத் தொறந்து மூடிக் காட்டுவீங்க. முகூர்த்தம் போயிடும்."

யுகேந்திரன் அளவு நாடாவைச் 'சர்'ரென்று சுருட்டினான். வேலிக்கு மேலே அப்புசாமி அண்ணன் தலையாட்டினார். நான் சாவியைக் கொடுத்தேன்.

கல்யாணத்தன்று மலர்க்கொடியின் சின்னம்மா குடும்பம் பதினேழு பேருக்கு நடுவில், பஸ்ஸின் இரண்டாவது வரிசையில், முன்கண்ணாடி வழியாக, முன்னால் போகிற என் காரைப் பார்த்துக்கொண்டே அலோர் காஜா போய்ச் சேர்ந்தேன். பின்பக்கம் இருப்பதெல்லாம் சாதாரண விளக்குகள்தான்.