ராஜதந்திரிக்கு ஓர் அறை

கண்ணாடிக்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அவர் ஒரு முடிவுக்கு வந்தாலே வீட்டில் ஏதாவது ஒரு நாற்காலி இடம் மாறும். இந்தத் தடவை ஓர் அறையே கைமாறவிருந்தது.

ஊரில் பாதிப் பேருக்குக் கண் பார்த்து மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டவர் அவர். கடைச் சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையில் கடைசி வரியைப் படிக்க முடியாமல் திணறுகிறவர்களைப் பார்த்து உச்சுக் கொட்டுவார். ஆனால் செல்போனில் செஸ் ஆட உட்கார்ந்தால், எதிராளியின் குதிரை தன் ராணியைத் தூக்கப் போவது மட்டும் அவர் கண்ணில் படாது. அந்த ஆட்டத்தில் அவர் தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர் ராஜதந்திரி. ரேட்டிங் நானூறு. செஸ் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: குதிரை எப்படி நகரும் என்று நேற்றுத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் இருக்கிற இடம் அது. வந்தவர்கள் எல்லாம் மேலே போய்க்கொண்டிருந்தார்கள். ராஜதந்திரி மட்டும் அங்கேயே குடித்தனம் நடத்தினார்.

தோற்றதற்குக் காரணங்களை அவர் கைவசம் தயாராக வைத்திருப்பார். நெட் சரியில்லை. விரல் வழுக்கிவிட்டது. எதிராளி கம்ப்யூட்டரிடம் கேட்டுக் கேட்டு ஆடுகிறான். நானூறில் இருக்கிற ஒரு மனிதரைத் தோற்கடிக்க எவனாவது கம்ப்யூட்டரைத் தொந்தரவு செய்வானா? அதெல்லாம் அவரிடம் எடுபடாது. எல்லாவற்றுக்கும் மேலான காரணம் ஒன்று இருந்தது: வீட்டில் நிம்மதியாக உட்கார இடமில்லை.

அந்தச் சமயத்தில்தான் கூடவே இருந்த அவருடைய தங்கைக்கு வேலை மாற்றல் வந்தது. அவள் போனதும் அறை காலியானது. பெரிய ஜன்னல், தாராளமான வெளிச்சம், உள்பக்கம் தாழ்ப்பாள்.

“அந்த ரூமை நான் எடுத்துக்கறேன்” என்றார் மனைவியிடம்.

“எதுக்கு?”

“ஆராய்ச்சிக்கு.”

“எதை ஆராயப் போறீங்க?”

“என் ஆட்டத்தை.”

“அதுக்கு எதுக்கு ரூமு? குப்பைத்தொட்டி போதாதா?”

மனைவிக்கும் அந்த அறைமேல் கண். அவள் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள். துணி வெட்டுவதும் சாப்பாட்டு மேஜையில்தான், சாப்பிடுவதும் அதே மேஜையில்தான். தட்டில் குண்டூசி கிடக்கும். துணியில் குழம்பு சொட்டியிருக்கும். போன வாரம்தான் ஒரு மருத்துவமனைக்கு வெட்டி வைத்த வெள்ளைத் துணியின் மேல் கண்ணாடிக்காரர் ரசத்தைக் கவிழ்த்தார். ஒரு கையில் தட்டு, மறு கையில் செஸ். கறை போகவில்லை. அத்தனையையும் மறுபடி வாங்கி வெட்டும்போது அவளுக்கு அழுகையே வந்தது. “விடும்மா, வெள்ளைன்னா அழுக்காகத்தான் செய்யும்” என்று ஆறுதல் சொன்னார் அவர். அவர் தலையில் எதுவும் விழாமல் அன்றைய பொழுது கழிந்தது அவர் செய்த புண்ணியம்.

“சரி, ஒண்ணு பண்ணலாம்” என்றாள் மனைவி. “உங்க ரேட்டிங் ஆயிரத்தைத் தொட்டுச்சுன்னா ரூம் உங்களுக்கு. வருஷக் கடைசிக்குள்ள தொடலைன்னா எனக்கு.”

“ஆயிரம்தானே? ஜுஜுபி!”

எதிர்வீட்டில் ஒரு பல் டாக்டர். செஸ்ஸைப் பற்றிப் பேசுவதில் சமர்த்தர். ஆடி யாரும் பார்த்ததில்லை. கண்ணாடிக்காரர் நேராக அவரிடம் போனார்.

“உங்களுக்கு ஓப்பனிங் வீக் சார்” என்றார் டாக்டர், வாயைத் திறக்கச் சொல்லாத குறையாக.

“ஓப்பனிங்னா?”

“முதல்ல ஆடுற பத்துப் பதினஞ்சு மூவ். ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர் இருக்கு. மனப்பாடம் பண்ணிடுங்க.”

“எதிராளியும் அதே மாதிரி ஆடுவானா?”

“படிச்சவனா இருந்தா ஆடுவான்.”

நானூறில் படித்தவன் எவன் இருக்கிறான்? கண்ணாடிக்காரர் விழுந்து விழுந்து மனப்பாடம் செய்தார். கடையில் வாடிக்கையாளருக்கு லென்ஸ் மாற்றிக்கொண்டே முணுமுணுத்தார். எதிராளிகள் மூன்றாவது மூவிலேயே பாடப் புத்தகத்தை விட்டு இறங்கி வேறு பக்கம் நடந்தார்கள். ரேட்டிங் நானூறிலிருந்து முந்நூற்றைம்பதுக்கு வந்தது. டாக்டர் மட்டும் சளைக்கவில்லை. “அவன் ஆடினது தப்பு சார். நீங்க தோத்தது சரியான முறையில” என்று தட்டிக் கொடுத்தார். இந்த மாதிரி ஒரு குரு வாய்த்தால் ஒரு மனிதன் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் கீழே போகலாம்.

ஒரு நாள் சாயங்காலம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம் மனைவி வந்தாள். கையில் ஊசி, மடியில் துணி.

“நீங்க ஆடினதையெல்லாம் மறுபடி ஓட்டிப் பாக்கலாமாமே? போடுங்க, நானும் பாக்கறேன்.”

“உனக்கென்ன தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது. எது எது எப்படி நகரும்னு மட்டும் சொல்லுங்க. நீங்க தோத்துட்டுப் புலம்புறதைக் காது குடுத்துக் கேக்க முடியலை. கொஞ்சம் உதவி பண்றேன்.”

பந்தயத்தில் எதிர்ப்பக்கம் நிற்கிறவள் தானாக வந்து உதவுகிறேன் என்கிறாளே, ஏன் என்று அவர் கேட்டிருக்கலாம். அதைக் கேட்கத் தெரிந்திருந்தால் முந்நூற்றைம்பதில் ஏன் உட்கார்ந்திருக்கப் போகிறார்? போனை நீட்டினார்.

தோற்ற ஆட்டம் ஒன்று திரையில் ஓடியது. மனைவி தையலிலிருந்து பாதிக் கண்ணை எடுத்துப் பார்த்தாள்.

“நிறுத்துங்க. ஆரம்பிச்ச உடனே ராணியை எதுக்கு வெளிய அனுப்பினீங்க?”

“அவதான் பலசாலி. போய் ஒரு கலக்கு கலக்கட்டும்னு.”

“மத்தவங்க?”

“பின்னாடி வருவாங்க.”

“எங்க வந்தாங்க? யானை ரெண்டும் மூலையில நிக்குது. மந்திரி எந்திரிக்கவே இல்லை. இவ ஒருத்தி நடுத்தெருவுல அத்தனை பேர்கிட்டயும் மாட்டிக்கிட்டு நிக்கறா. மாடியிலேர்ந்து தண்ணி ஒழுகினப்ப மாடிக்காரர்கிட்ட சண்டைக்கு யாரை அனுப்பினீங்க?”

“அது வேற…”

“என்னைத்தானே? நீங்க கதவுக்குப் பின்னால நின்னு, ‘நல்லாக் கேளு, நல்லாக் கேளு’ன்னீங்க. அதேதான் இங்கயும். முதல்ல மத்தவங்களை எழுப்பி வேலைக்கு அனுப்புங்க.”

கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. அடுத்த ஆட்டத்தைப் போட்டார்.

“இந்தச் சிப்பாயை ஏன் எடுத்தீங்க?”

“சும்மா கிடைச்சுது.”

“சும்மா கிடைச்சா எடுத்துடுவீங்களா? தள்ளுபடின்னு போட்டிருந்தான்னு இடது காலுக்கு மட்டும் சரியா இருக்கற செருப்பை வாங்கிட்டு வந்தவர்தானே நீங்க! எடுத்தீங்க, அவன் வலை வீசிட்டான். ஒருத்தன் ஒண்ணைச் சும்மா குடுத்தா, ஏன் குடுக்கறான்னு ஒரு கேள்வி கேளுங்க. பதில் தெரியற வரைக்கும் கையை வைக்காதீங்க.”

“பதில் தெரியலைன்னா?”

“தெரியலைன்னா எடுக்கவே எடுக்காதீங்க. இன்னும் பெரிய பள்ளமா இருக்கும்.”

இப்படித் தினமும் நடந்தது. செக் சொல்லும் வாய்ப்பு வந்தால் போதும், காரணமே இல்லாமல் செக் சொல்லிவிடுவார். எதிராளியின் ராஜா முன்னைவிட நல்ல இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்துகொள்வான். “கடைக்கு வர்றவங்களைச் சும்மா சும்மா மிரட்டினா அடுத்த கடைக்குத்தானே போவாங்க?” என்பாள். விரலைத் திரையிலேயே வைத்திருக்கிறாரே என்று, ஆடும்போது இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். மற்றதையெல்லாம் ஒரு தடவை சொன்னாள். “ஏன் குடுக்கறான்?” என்பதை மட்டும் விடாமல் சொன்னாள். பல் தேய்க்கும்போது சொன்னாள். தட்டு கழுவும்போது சொன்னாள். கடைசியில் அவருக்குத் தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் வாயில் வரும்படி ஆனது.

வேடிக்கை என்னவென்றால், அது பலித்தது. ரேட்டிங் ஐந்நூறைத் தாண்டியது, அறுநூறு, எண்ணூறு என்று ஏறியது. கண்ணாடிக்காரரின் நடையே மாறிப்போனது. மனைவி சொன்ன விஷயங்களையெல்லாம் தானே கண்டுபிடித்த மாதிரி எதிர்வீட்டு டாக்டருக்கு வகுப்பெடுத்தார். டாக்டரும், “நான் அன்னைக்கே சொல்லலை?” என்று கேட்டுக்கொண்டார்.

ஆயிரத்தைத் தொட ஒரே ஒரு ஆட்டம் பாக்கி. எதிராளி திடீரென்று ஒரு குதிரையை அநாதையாக விட்டான். பழைய ராஜதந்திரியாக இருந்தால் நொடியில் ராணியைக் கொண்டு அதைத் தூக்கியிருப்பார். கைகள் தொடைக்கு அடியில் துடித்தன. ஏன் கொடுக்கிறான்? பார்த்தார். ராணி அந்தக் கட்டத்துக்குப் போனால், கடைசி வரிசையில் தன் ராஜாவுக்குக் காவல் இல்லை. எதிராளியின் யானை இறங்கினால் கதை முடிந்தது. குதிரையைத் தொடாமல், ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி மூச்சுவிட வழி செய்தார். வலை வீணாகிப் போன ஆத்திரத்தில் எதிராளி அவசரப்பட்டு யானையைக் கோட்டைவிட்டான். ஆட்டம் முடிந்தது. ஆயிரத்து இரண்டு!

போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்கு ஓடினார். மனைவி சிவப்புத் துணி ஒன்றை அளந்துகொண்டிருந்தாள்.

“பாத்தியா? ஆயிரம்!”

“அட! நிஜமாவே தொட்டுட்டீங்க.” அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். இடுப்பிலிருந்து அறைச் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தாள். “இந்தாங்க. ரூம் உங்களுக்கு.”

அவ்வளவுதான். சண்டை இல்லை, சாக்குப்போக்கு இல்லை. குறைந்தபட்சம் ஒரு முகச்சுளிப்பு? அதுவும் இல்லை. கண்ணாடிக்காரர் நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தினார்.

ஏன் கொடுக்கிறாள்?

சாவியைத் தொடாமல், சும்மா சாத்தியிருந்த அறைக்குப் போனார். சுவரைத் தட்டிப் பார்த்தார், ஈரம் இல்லை. முகர்ந்து பார்த்தார்; நாற்றம் இல்லை. மாடியில் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினார், அமைதி. நெட் நன்றாக எடுத்தது. விசிறி சுழன்றது. வெயில் திரையில் அடிக்கவில்லை. ஒரு குறையும் இல்லை. மறுபடி முதலிலிருந்து சுவரைத் தட்டத் தொடங்கினார். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாத பள்ளம் என்றால் எவ்வளவு ஆழமானதாக இருக்க வேண்டும்!

எதிர்வீட்டுக்கு ஓடினார்.

“சும்மா குடுத்தாங்களா? எடுத்துடாதீங்க சார்” என்றார் டாக்டர். “பெரிய பெரிய ஆட்டக்காரங்களே அதை மறுத்துடுவாங்க.”

அது போதாதா? திரும்பி வந்து மேஜைக்கு எதிரில் நிமிர்ந்து நின்றார்.

“அந்த ரூம் எனக்கு வேணாம்.”

“என்னங்க இது? ஜெயிச்சவர் நீங்க.”

“வேணாம். நான் ஹால்லயே உக்காந்து ஆடிக்கறேன்.”

“ஊர்ல நாலு பேர் என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க? வச்சுக்கோங்க.”

“நீ சொல்லச் சொல்ல எனக்கு இன்னும் நல்லாப் புரியுது. நீயே அதை எடுத்துக்கணும். எடுத்தே ஆகணும்.”

“உங்க மனசு நோகுமேன்னு பாத்தேன்…”

“எடுத்துக்கோன்னா எடுத்துக்கோ!”

எடுக்கவைத்தும் விட்டார். தையல் மெஷினைத் தானே தூக்கிக் கொண்டுபோய் ஜன்னலோரம் வைத்தார். துணி மூட்டைகளைச் சுமந்தார். வெட்டும் பலகை கதவில் இடித்துக்கொண்டு போக மறுத்தது. சாய்த்து, நெம்பி, இடுப்புப் பிடித்துக்கொள்ளும்வரை தள்ளி உள்ளே சேர்த்தார். வேர்த்துக் கொட்டியது. ஆனாலும் மனசுக்குள் ஒரே குளிர்ச்சி. வாழ்நாளில் முதல் தடவையாக மனைவி விரித்த வலையில் சிக்காமல் தப்பியிருக்கிறாரே!

ஜன்னல் வெளிச்சத்தில் அவள் ஊசியில் நூல் கோத்தாள். எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. இனி கேட்டால் பாதகமில்லை என்று தோன்றியது அவருக்கு.

“இப்பவாவது உண்மையைச் சொல்லு. இந்த ரூம்ல என்ன பொறி வச்சிருந்தே?”

“பொறியா?” அவள் தலை நிமிராமல் மெஷினை மிதித்தாள். “ஒண்ணும் இல்லைங்களே. வீட்லயே நல்ல ரூம் இதுதான். போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க.”