தொங்குபாலத்தில் ஒரு சிவப்பு அம்பு

பெண் பார்க்கப் போன இடத்தில் "கேசரி நன்றாக இருக்கிறது" என்பது வரைக்கும்தான் ஓர் ஆண்பிள்ளை பொய் சொல்லலாம். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. நேபாளத்தில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது, அதுவும் சாட்சி.

மேகலா, வாலாஜாபேட்டையில் மளிகைக்கடை வைத்திருப்பவரின் ஒரே மகள். இரண்டு பேரும் தனியாகப் பேசட்டும் என்று எங்களை மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். நான் தண்ணீர் டேங்க் பக்கமாகப் போய் நின்றுகொண்டேன். அவள் என் சம்பளத்தைக் கேட்கவில்லை. செல்போனைத் திறந்து காட்டினாள். ஏதோ ஒரு நாட்டில் எரிமலைச் சரிவில் பலகைமேல் உட்கார்ந்து சறுக்குகிறார்கள். இன்னொரு நாட்டில் உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு இறங்கிக் குளிக்கிறார்கள். இன்னும் சிலர் செங்குத்துப் பாறையில் தொட்டில் கட்டித் தூங்குகிறார்கள். (காசு வாங்கிக்கொண்டு அல்ல, காசு கொடுத்து!)

"இந்த மாதிரி எங்கயாவது ஒரு வாட்டி போகணும். உங்களுக்கு உயரம்னா பயமா?"

"சேச்சே! எங்க கூப்டாலும் வர்றேங்க" என்றேன். ஸ்டூல்மேல் ஏறி ஃபேன் துடைத்தாலே தலை சுற்றுகிற ஆசாமி நான்.

என் மாமனார் மகா பாசக்காரர். சோளிங்கர் மலைப் படியில்கூட மகள் கையை விடாமல் பிடித்துக்கொண்டுதான் ஏறுவாராம். பொருட்காட்சியில் ராட்டினம் கேட்டால், "இன்னொரு நாள் பாக்கலாம்மா" என்பாராம். நீச்சல், காலேஜ் டூர், ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் அதே பதில். "அந்த இன்னொரு நாள் வரவே இல்ல" என்று, ஹனிமூனுக்கு நேபாளம் போகக் காட்பாடியில் ரயில் ஏறிய கையோடு மேகலா சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான்தான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

இங்கே என் உத்தியோகத்தைச் சொல்லியாக வேண்டும். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கர். தையல் கோணினால், நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால், அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். ரிஜெக்ட். ஒட்டியவரே மறுபடி பார்த்து உரித்தால்தான் அந்த ஷூ பாஸ், வேறு யாரும் கை வைக்கக் கூடாது. தப்பு ஜாஸ்தியானால் "லைன் ஸ்டாப்!" என்று ஒரு குரல் கொடுப்பேன், வரிசையில் உள்ள அத்தனை மெஷினும் நிற்கும். கம்பெனியில் என்னை மதிக்காதவர்கள்கூட அந்த இரண்டு வார்த்தையை மதிப்பார்கள். அதனால் ஸ்டிக்கர் சுருள் எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். (தாலி கட்டும்போதும் இருந்தது. மாலையில் ஒரு பூ நசுங்கியிருந்ததைப் பார்த்துக் கை துறுதுறுத்தது.)

நேபாளத்தில் இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு தொங்குபாலம். கீழே பாதாளத்தில் ஓர் ஆறு. இடுப்பில் பெல்ட் மாட்டி, கயிறு கட்டி, பாலத்தின் நடுவிலிருந்து குதிக்க வேண்டும். ஊஞ்சல் போல இந்த மலைக்கும் அந்த மலைக்கும் ஆடி முடித்ததும் ஆற்றங்கரையில் இறக்கிவிடுவார்கள். தனியாகவும் குதிக்கலாம், ஜோடியாகவும் குதிக்கலாம். மேகலா ஜோடிக்குத்தான் டிக்கெட் வாங்கியிருந்தாள்.

பாலம் ஆடியது. நான் அதைவிட வேகமாக ஆடினேன். மாயா என்ற பயிற்சியாளர், நாற்பது வயதுப் பெண்மணி, மேகலாவுக்கு பெல்ட் மாட்டினார். என் கண் தன்னால் தையலுக்குப் போனது. நீல பெல்ட்டில் மஞ்சள் நூல்! எங்கள் கம்பெனியில் நூலின் கலர் லேசாக மாறினாலே ஷூ திரும்பி வந்துவிடும். போதாக்குறைக்கு ஓரத்தில் ஒரு பிசிறு வேறு. கடவுளே வந்து கைகொடுத்த மாதிரி இருந்தது.

ஸ்டிக்கரை எடுத்தேன். பெண்டாட்டியின் இடுப்பு பெல்ட்டில் ஒட்டினேன்.

"இன்னாங்க இது?"

"ரிஜெக்ட். லைன் ஸ்டாப்!"

பின்னால் டூரில் வந்த ஒரு கூட்டம் வரிசையில் நின்றது. சிவப்பு அம்பைப் பார்த்ததும் ஓர் அம்மாள் தன் பெல்ட்டைக் கழற்றினார். அவரைப் பார்த்து நாலு பேர் கழற்றினார்கள். ஒருவர் என்னைப் பெரிய இன்ஜினியர் என்று முடிவு கட்டி, தன் பெல்ட்டை நீட்டி இந்தியில் அபிப்பிராயம் கேட்டார். நானும் வெட்கமில்லாமல் அதில் இரண்டு அம்பு ஒட்டிக் கொடுத்தேன்.

மாயா வந்தார். கோபப்படவில்லை. இந்தியும் ஆங்கிலமும் கலந்து, பச்சைக்குழந்தைக்குச் சோறூட்டுகிற குரலில் விளக்கினார். நூல் வேறு கலரில் இருப்பதே, ஒரு தையல் விட்டாலும் பளிச்சென்று தெரிவதற்காகத்தானாம். பிசிறு என்று நான் சொன்னது தையல் முடிகிற நுனியாம். காலையில்தான் எல்லாவற்றையும் சோதித்தார்களாம். அந்த அம்மாள் பெல்ட்டை மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாரே ஒரு பார்வை! பாலத்திலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது. அதற்குத்தான் தைரியம் இல்லையே.

"சரி, இப்பவாவது குதிக்கலாமா?" என்றாள் மேகலா.

நான் கீழே பார்த்தேன். என் வாய் சொன்னது: "இன்னொரு நாள் பாக்கலாம்மா."

சத்தியமாக யோசித்துச் சொல்லவில்லை. அவள் முகம் அப்படியே வாடிப்போனது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "எங்கப்பா மாதிரியே சொல்றீங்க" என்று மெதுவாகச் சொன்னாள். பெல்ட்டில் இருந்த அம்பை உரித்து, என் சட்டைப்பைமேல் அழுத்தி ஒட்டினாள். (விதிப்படி நான்தான் உரித்திருக்க வேண்டும். அதைச் சொல்கிற நேரமா அது?) பிறகு தனியாகக் குதித்துவிட்டாள்.

அவள் கத்தவில்லை, சிரித்தாள். பள்ளத்தாக்கு முழுக்க அந்தச் சிரிப்பு போய்ப் போய்த் திரும்பி வந்தது. இத்தனை வருஷமாக இன்னொரு நாளுக்காக அடக்கி வைத்திருந்த சிரிப்பு அது. பக்கத்திலிருந்து கேட்க வேண்டியவன் நான், பாலத்தின் கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றேன். கரையில் இறங்கியவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கல்யாணமாகி ஒரு வாரம் ஆகவில்லை, அதற்குள் நானும் ஓர் 'இன்னொரு நாள்' ஆசாமியாகிவிட்டேனே என்று கம்பியிலிருந்து கையை எடுத்தேன்.

"எனக்கும் மாட்டுங்க" என்று மாயாவிடம் சைகை காட்டினேன். மஞ்சள் நூலைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

குதிக்கிறவர்கள் அம்மா என்பார்கள், சாமி பெயரைச் சொல்வார்கள். நான் கத்தியது, "லைன் ஸ்டாப்! லைன் ஸ்டாப்!" அந்த மலைக்குப் போகும்போதும் அதுதான், இந்த மலைக்கு வரும்போதும் அதுதான். என் சர்வீசிலேயே முதல் முறையாக லைன் நிற்கவில்லை.

கரையில் இறங்கியதும் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேகலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர். என் கண்ணிலும் தண்ணீர், காரணம் வேறு. சட்டையில் இருந்த அம்பை உரிக்கப் போனேன். கையில் ஓர் அடி விழுந்தது.

"ஒட்னது யாரு?"

"நீதான்."

"அப்ப நான்தான் செக் பண்ணணும்." என் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "பயம் ஜாஸ்தி. ஃபினிஷிங் கம்மி."

"பயம்தான் மேகலா. அன்னிக்கு மாடியில பொய் சொல்லிட்டேன்."

"தெரியுமே! சுவத்தோரம் வராம தண்ணி டேங்கக் கட்டிப் புடிச்சிக்கினு நின்னீங்களே."

"அப்புறம் ஏன் என்னைக் கட்டிக்கின?"

"அந்த நடுக்கத்துலயும் வர்றேன்னு சொன்னீங்க இல்ல? எங்கப்பா ஒரு தடவகூட வர்றேன்னு சொன்னதில்ல" என்றாள். அம்பை மெதுவாக உரித்தாள். "பாஸ்."

பாலத்தில் எடுத்த வீடியோவை அவள் வாங்கிவிட்டாள். அது சொந்தக்காரர்கள் வீட்டிலெல்லாம் ஓடியது. கம்பெனி கேன்டீனில் என் தோஸ்த் இம்தியாஸ் புண்ணியத்தில் தினமும் மூன்று காட்சி. இப்போது எங்கள் மகள் யாழினிக்கு ஐந்து வயது. எதற்காவது நான் "நாளைக்கு" என்று இழுத்தால், ஸ்டிக்கர் சுருளைத் தேடி ஓடுகிறாள்.

போன மாதம் வேலூரில் பொருட்காட்சிக்குப் போனோம். மேகலா ராட்டினத்துக்கு டிக்கெட் வாங்கி வந்து, "நீங்களும் வாங்கப்பா" என்று மாமனாரைக் கூப்பிட்டாள். "இன்னொரு நாள் பாக்கலாம்மா" என்றார் அவர். சொல்லி வாய் மூடவில்லை, யாழினி அவருடைய வெள்ளைச் சட்டையில் அம்பை ஒட்டிவிட்டாள். "தாத்தா ரிஜெக்ட்!"

மாமனார் அம்பைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அப்புறம் கையை நீட்டினார். மேகலா அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு படி ஏற்றினாள். நான் யாழினியோடு கீழேயே நின்று, அவர்கள் கழற்றிவிட்டுப் போன செருப்புகளைப் பார்த்துக்கொண்டேன். (ஷூ கம்பெனிக்காரனுக்கு வேறு என்ன வேலை?)

ராட்டினம் உச்சிக்குப் போனது. பிறகு பொருட்காட்சியே அண்ணாந்து பார்க்கிற மாதிரி மாமனார் குரல் வந்தது: "லைன் ஸ்டாப்பு! மாப்ள, லைன் ஸ்டாப்பு!" கூடவே மேகலாவின் அதே சிரிப்பு.

இறங்கியவர் தள்ளாடினார். தாங்கப் போன என்னை விலக்கிவிட்டு நேரே பேத்தி முன்னால் போய் முட்டி போட்டு உட்கார்ந்தார். அம்பு ஒட்டிய நெஞ்சை நீட்டிக் காட்டினார்.

"ஒட்னவங்கதான் எடுக்கணுமாமே. நல்லாப் பாத்துச் சொல்லும்மா, தாத்தா பாஸா?"