தற்காலிகப் பல்லும் ஒரு துண்டுப் புழுக்கொடியலும்

ஒரு கிழவியின் வாய்க்குள் எந்தப் பல் சொந்தம், எந்தப் பல் வாங்கியது என்று கேட்க உங்களுக்கு வெட்கமாயில்லையா? வேறு வேலையில்லையா? சரி, கேட்டுத் தொலைத்துவிட்டீர்கள். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருங்கள். (என்ர வாய்க்குக் கிட்ட மட்டும் வராதேங்கோ.)

என் பேத்தி சுகந்திக்குக் கலியாணம் முற்றாகிய கையோடு, சோடாப் போத்தல் மூடியைப் பல்லால் திறக்கப்போய் என் மேல் முன்பல் பாதியாக முறிந்தது. சுகந்தி அழுதாள்.

"அப்பம்மா, கலியாணப் படத்தில நீங்கள் எனக்குப் பக்கத்தில நிண்டு சிரிக்கவேணும். பல்லுக் கட்டாமல் வரக்கூடாது!"

நயினாதீவில் வள்ளம் ஏறி, குறிகட்டுவானில் பஸ் பிடித்து, யாழ்ப்பாணத்துப் பல் டாக்குத்தரிடம் போனோம். சின்னப் பிள்ளை. முறிந்த பல்லை அராவி, அதன்மேல் வெள்ளையாய் ஒரு தொப்பி மாட்டிவிட்டார்.

"அம்மா, இது தற்காலிகம். நிரந்தரமானது செய்து வர ரண்டு கிழமை செல்லும். பிறகு கழட்டவேணும் எண்டபடியால் லேசான பசையாலதான் ஒட்டியிருக்கிறன். இறுக்கமான சாமான் ஒண்டும் கடியாதேங்கோ."

"கலியாணம் அதுக்கு முதல் வந்திடும் பிள்ளை. தாங்குமோ?"

"நீங்கள் சும்மா இருந்தால் தாங்கும்."

(அந்தப் பிள்ளைக்கு என்னைத் தெரியாது.)

அன்றிலிருந்து சுகந்தி எனக்குப் பொலிஸ். கஞ்சி, சொதியில் ஊறிய இடியப்பம், மறுபடியும் கஞ்சி. பல் முளைக்காத குழந்தைகூட என்னைவிட நன்றாய்ச் சாப்பிட்டிருக்கும்.

கலியாணத்துக்கு முதல்நாள் மாப்பிள்ளையின் அம்மம்மா கனடாவிலிருந்து வந்திறங்கினார். திரும்பிப் போகும்போது கொண்டுபோகட்டும் என்று ஒரு பை புழுக்கொடியல் கொடுத்தேன். பனங்கிழங்கை நானே அவித்து, கீறி, வெயிலில் விறகாக்கியது. அவர் ஒரு துண்டை எடுத்து மேசையில் தட்டினார். டொக், டொக்.

"உதைக் கடிக்கிற காலம் எங்களுக்குப் போயிட்டுது, சம்பந்தி. இடிச்சுத்தான் தின்னவேணும். உங்களுக்கும் ஏலாதுதானே?"

ஏலாதோ? எனக்கோ? என் வீட்டில் இருந்துகொண்டோ?

"அப்பம்மா, வேண்டாம்!" குசினிக்குள்ளிருந்து சுகந்தி கத்தினாள்.

நான் என்ன விசரியா? தொப்பியில் ஒரு கீறலும் படாமல் துண்டைத் திருப்பி, பக்கத்தில் இருந்த சொந்தப் பல்லிடம் கொடுத்தேன். அதற்கு எவ்வளவு அனுபவம்! ஒரே கடி.

மடார்.

சுகந்தி ஓடிவந்து, "தொப்பி போச்சு!" என்று தலையில் கைவைத்தாள். நாக்கால் தடவிப் பார்த்தேன். தொப்பி அசையாமல் நின்றது. கையில் துப்பினேன். ஒரு துண்டு புழுக்கொடியல், ஒரு துண்டு நான்.

"கடிச்சிட்டன், பாத்தீங்களோ?" என்றேன் சம்பந்தியிடம்.

அன்று பின்னேரமே கடல் கொந்தளித்துவிட்டது. வள்ளம் ஓடவில்லை, டாக்குத்தரும் இல்லை. மறுநாள் படமெடுக்க வந்த பெடியன், "அம்மா, வாயை மூடிக்கொண்டு சிரியுங்கோ" என்றான்.

"ஏன் தம்பி, உம்மட பல்லோ? பேசாமல் எடும்!"

உள்ளது, இல்லாதது எல்லாம் தெரியச் சிரித்தேன். அந்தப் படம் இப்போது கனடாவில் சுகந்தி வீட்டுச் சுவரில் தொங்குகிறது. கலியாணப் பொம்பிளையை ஒருவரும் பார்ப்பதில்லையாம்.

நிரந்தரப் பல் வந்துவிட்டதென்று டாக்குத்தர் போன் எடுத்தார்.

"நிரந்தரமெண்டு கடவுள் தந்தது முறிஞ்சு போச்சு, பிள்ளை. தற்காலிகமெண்டு நீங்கள் தந்தது நிக்குது. இன்னொரு நிரந்தரத்தை நான் என்னெண்டு நம்புறது?"

"அம்மா, அது ஒருநாள் கட்டாயம் விழும்."

"நானும்தான்" என்றேன்.

அது இன்னும் விழவில்லை. நானும் விழவில்லை. வீட்டில் வேலிப் படலையைக் கயிற்றால் கட்டினாலும், கூரை ஒழுக்குக்குத் தகரம் செருகினாலும், என் மகன் கேட்பான்: "இது நிரந்தரமோ, இல்லாட்டி அம்மான்ர பல்லு மாதிரித் தற்காலிகமோ?"

அயலட்டைச் சனம் கலியாணம் முடிந்த கையோடு வேலியடியில் வந்து நின்றது, எந்தப் பல் முறிந்தது என்று விசாரிக்க. வாயை நன்றாகத் திறந்து, தொப்பியை விரலால் தட்டிக் காட்டினேன்.

"முறிஞ்சது டாக்குத்தர் வைச்சது. இந்தா, கல்லு மாதிரி நிக்குதே, இதுதான் என்ர!"