கால்சியம் என் பொறுப்பு

வீட்டில் ஒரு புரட்சி செய்துவிடுவதென்று நான் முடிவெடுத்தது ஒரு திங்கட்கிழமை. பள்ளியில் உயரத்தின்படி வரிசையில் நிறுத்தியபோது என் மகள் முதல் ஆளாக நின்றாளாம். குள்ளத்தில் முதல். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். எதையும் கொத்திக் கொத்தித் தின்பதால் வீட்டில் அவள் பெயர் குருவி. முன்னால் நின்றால் எல்லாம் நன்றாகத் தெரிகிறது என்று அவளுக்குச் சந்தோஷம்தான். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. எலும்புக்குக் கால்சியம் போதவில்லை என்று அங்கேயே தீர்ப்பு எழுதினேன். கால் சியம் என்ன, முழு சியமே கொடுத்துவிடுவோம் என்று கடைக்குக் கிளம்பினேன்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். பிழைதான் என் பிழைப்பு. ஆண்பால், பெண்பால், பலர்பால் என்று எல்லாப் பாலும் எனக்கு அத்துப்படி. கடைக் குளிர்பெட்டியிலோ நான் கேள்விப்படாத பதினோரு பால் இருந்தது. கொழுப்பு எடுத்தது, எடுக்காதது, பாதி எடுத்தது, சோயா, ஓட்ஸ், பாதாம். முக்கால் மணி நேரம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பொடி எழுத்தெல்லாம் படித்தேன். பாதாம் பாலில் ஒரு ஒற்றுப்பிழையைக்கூடப் பிடித்தேன். கடைக்காரர் வந்து, பால் வாங்க வந்தீர்களா, காற்று வாங்க வந்தீர்களா என்று பணிவாக விசாரித்தார்.

ஆறு பெட்டிகளைச் சாப்பாட்டு மேஜையில் அடுக்கி மனைவிக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். முழுதும் கேட்டுவிட்டு, கொழுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கால்சியம் ஏறக்குறைய ஒன்றுதான் என்றாள். பாதாமில் தனியாகச் சேர்த்தால்தான் உருப்படியாக இருக்குமாம். நான் வாங்கியதில் சேர்க்கவில்லையாம். ஒற்றுப்பிழை பிடித்த கண்ணுக்கு அது தெரியவில்லை.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இனிமே குருவியோட கால்சியம் என் பொறுப்பு. நீ தலையிடாதே."

"முழுசாவா?"

"முழுசா."

"சரிங்க."

பத்து வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில்லை. அப்போதாவது நான் சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை குருவியின் முன் ஒரு டம்ளர் பாலை வைத்தேன். அவள் டம்ளரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நீங்க சின்ன வயசுல பால் குடிச்சீங்களாப்பா?"

"தினமும் ரெண்டு வேளை."

"அப்புறம் ஏன் கட்டையா இருக்கீங்க?"

டம்ளரை நானே குடித்தேன்.

பால் இறங்காவிட்டால் தயிராகக் கொடுக்கலாமே என்றாள் மனைவி. நல்ல யோசனை. ஆனால் தயிர் கால்சியம். கால்சியம் என் பொறுப்பு. ஆகவே தயிர் தோய்ப்பதும் நான். முதல் நாள் அது தோயவில்லை, நான்தான் ஓய்ந்து போனேன். அடுத்து கீரையில் இருக்கிறது என்றாள். கட்டுக் கட்டாக ஆய்ந்தேன். எள்ளில் இருக்கிறது என்றாள், வறுத்தேன். முள்ளோடு தின்கிற பொடிமீனில் நிறைய என்றாள், உட்கார்ந்து கழுவினேன். பயறு, முட்டை, பாலாடைக்கட்டி என்று ஒவ்வொன்றாக என் பக்கம் வந்து சேர்ந்தன. மூன்றாவது வாரம் அடுப்பும் பாத்திரத் தொட்டியும் முழுக்க என் கையில். மனைவி சாயங்காலங்களில் குருவியைக் கூட்டிக்கொண்டு நீச்சல் பழகப் போனாள். எலும்புக்கு வெயிலும் உடற்பயிற்சியும் வேண்டுமாம். திரும்பி வந்து இருவரும் ஈரத்தலையோடு, அகோரப் பசியோடு உட்கார்ந்தார்கள். குருவி கீரையை இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றாள். என் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மாதக் கடைசியில் குருவி வரிசையில் இரண்டாம் இடத்துக்கு நகர்ந்தாள். நான் அச்சகத்தில் எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். வகுப்பில் அவளைவிடக் குள்ளமாக ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள் என்பது மாலையில்தான் தெரிந்தது.

அன்று சாப்பிட்டதும் விடுதலைப் பேச்சு நடத்தினேன். ஒப்பந்தம் கால்சியத்துக்கு மட்டும்தான். பாத்திரம் கழுவுவதில் கால்சியம் கிடையாது. ஆகவே அது உன் வேலை என்று மனைவியிடம் சொன்னேன். எனக்கே என் வாதம் பிடித்திருந்தது.

அவள் வெந்நீர்க் கெண்டியை எடுத்து, மூடியைத் திறந்து, என் மூக்குக்குக் கீழே பிடித்தாள். உள்ளே அடி முழுக்க வெள்ளையாகப் படிந்திருந்தது.

"இது என்னன்னு நினைக்கறீங்க? குழாய்த் தண்ணியில இருக்கற கால்சியம்."

நான் எழுந்து சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டிப் பக்கம் நடந்தேன். குருவி மட்டும் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஏதோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்போ தரையையும் தண்ணியிலதானே துடைக்கறோம்?"