ஏழாம் நம்பர் வறுவல்

"ஏன்டி, நான் வறுத்த காப்பியை யாராவது வேண்டாம்னு சொன்னாங்களா?"

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அக்காவும் தங்கையும் நடத்திய காப்பித்தூள் கடையில் புது வறுக்கும் மிஷின் வந்து இறங்கிய அன்று அக்கா கேட்ட கேள்வி இது. இளையவள் மிஷினோடு வந்த புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மும்முரமாகப் படித்தாள். கடைசியில், "உனக்குப் புகை ஒத்துக்கலைக்கா. எப்படி இருமுற பாரு," என்றாள்.

அக்கா அதுவரை ஒரு தடவைகூட இருமியதில்லை.

அன்றிலிருந்து அக்காவுக்கு லேபிள் ஒட்டும் வேலை. காலை ஒன்பதுக்கு வருவாள், ஒரு நூல்கூடக் கோணாமல் ஒட்டுவாள், ஐந்து மணிக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த தன் வீட்டுக்குப் போய்விடுவாள்.

இளையவள் ஒன்று முதல் பன்னிரண்டு வரை புதுப்புது வறுவல்கள் கண்டுபிடித்தாள். ஏழாம் நம்பரைப் பொடித்து, பை அச்சடிப்பவரிடம் கொடுத்து, புதுப் பையில் அடைத்து நேராகப் பெரிய கடைக்குச் சாம்பிளாக அனுப்பச் சொன்னாள். கடை மேனேஜர் போனிலேயே குதித்தார். "இதுதாம்மா காப்பி! மாசம் முந்நூறு பாக்கெட் எடுத்துக்கறேன். ஆனா இதே ருசி இருக்கணும்."

இளையவள் அக்காவைக் கட்டிக்கொண்டாள். "இனிமே நீ லேபிள்கூட ஒட்ட வேண்டாம்கா. ராணி மாதிரி உக்காரு."

"உக்காந்துதானே இருக்கேன்," என்றாள் அக்கா.

முதல் முப்பது பாக்கெட் போன வேகத்தில் திரும்பி வந்தன. "வேற எதையோ அனுப்பிட்டீங்க," என்றார் மேனேஜர். "வெள்ளிக்கிழமை நானே வந்து குடிச்சுப் பாக்கறேன். அந்த ருசி இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்க வேண்டியதுதான்."

இளையவள் ஏழாம் நம்பரை இரண்டு நிமிஷம் கூட்டி வறுத்தாள். கிளம்பிய புகையில் மாடிவீட்டுக்காரர் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிட்டார். இரண்டு நிமிஷம் குறைத்து வறுத்தாள். குடித்தவள் முகம் அஷ்டகோணலானது.

"எப்படிக்கா இருக்கு?"

அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தாள். "தண்ணி நல்லா கொதிச்சிருக்கு."

அப்போதுதான் இளையவளுக்கு மூளையில் பல்பு எரிந்தது. ருசி வறுவலில் இல்லை, பையில் இருக்கிறது! பையில் கிடந்து ஊறித்தான் அந்த ருசி வந்திருக்க வேண்டும். ஒரு துளிக் காற்றுகூட வெளியே போகக்கூடாது. சுடச்சுடப் பொடித்து நாற்பது பைகளில் அடைத்தாள். பையின் நெற்றியில் காற்று வெளியேற விட்டிருந்த சின்னத் துளையைக் காட்டி, "இது மேலேயே லேபிளை ஒட்டிடுக்கா," என்றாள்.

"புதுசா வறுத்தது காத்து விடும்டி. மூச்சு முட்டும்."

"காப்பிக்கு ஏதுக்கா மூச்சு? ஒட்டு."

அக்கா ஒட்டினாள்.

மறுநாள் காலை நாற்பது பைகளும் நிறைமாத வயிற்றோடு வரிசையாக நின்றன. இளையவள் ஒன்றைத் தொட்டாள். அது வெடித்தது. அந்த அதிர்ச்சியில் கை பட்டு அடுத்ததும் வெடித்தது. கூரை, சுவர், இளையவளின் புருவம், எல்லாம் காப்பி.

அக்கா விளக்குமாற்றை எடுத்து வந்து பெருக்க ஆரம்பித்தாள். 'நான்தான் சொன்னேனே' என்றுகூடச் சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது இளையவளுக்கு. 'ஒரே ஒரு தடவை நீ வறுத்துக் குடேன்கா' என்று கேட்டுவிடலாமா? வாய்வரை வந்தது. மூலையில் பளபளவென்று நின்ற மிஷினைப் பார்த்தாள். வந்த வார்த்தை திரும்பிப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை. மேனேஜர் வர ஒரு மணி நேரம் இருந்தது. பை அச்சடிப்பவரை வரவழைத்தாள்.

"அந்த சாம்பிள் பைக்கு என்ன மை போட்டீங்க?"

"எல்லாத்துக்கும் போடற அதே மைதாங்க."

"பசை?"

"அதே பசை."

"அப்போ நான் குடுத்த ஏழாம் நம்பரை என்னதான் பண்ணீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். ஓரக்கண்ணால் அக்காவைப் பார்த்துச் சிரித்தார்.

"பையை ஒட்டற மிஷினுக்குச் சூடு சரி பண்றதுக்குள்ள உங்க தூள் பூரா கொட்டிப் போச்சுங்க. வீட்டுல இருந்ததைப் போட்டு அனுப்பிட்டேன். அதுவும் உங்க தூள்தானே? பெரியக்கா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டு வாணலியில வறுத்து எங்க தெருவுக்கே குடுக்கறாங்களே, அதுதான்!"

இளையவள் திரும்பினாள். அக்காவின் கையில் பாதி உரித்த லேபிள் அப்படியே நின்றது.

சொல்ல எத்தனையோ இருந்தன. இளையவளின் கை பேனாவைத் தேடி எடுத்தது. "அக்கா... எத்தனை நிமிஷம் வறுத்தே?"

அக்கா லேபிளைக் கோணாமல் பையில் ஒட்டினாள். விரலில் இருந்த பசையைத் துடைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, ஐந்து மணி ஆகக் காத்திராமல் படியிறங்கிப் போனாள்.